சந்திப்பு மேம்பாடு: இரு உள்ளாட்சிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும்?

எல்லைச்சாலை (கேள்வி):
எங்கள் நகராட்சியின் எல்லையில் நான்கு சாலைகள் கூடும் சந்திப்பு ஒன்று உள்ளது. மூன்று கிளைகள் எங்கள் பராமரிப்பிலும், நான்காவது அண்டை உள்ளாட்சியின் பராமரிப்பிலும் இருக்கின்றன. விபத்துகள் தொடர்வதால் அங்கே சிக்னல் அமைக்க இரு தரப்பும் இசைந்து, வரைவு ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்துள்ளன. ஆனால் அந்த வரைவின் பெரும்பகுதி கட்டுமானச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்பதிலேயே செலவாகிவிட்டது. மற்றவை "இரு தரப்பும் ஒத்துழைக்கும்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. மன்றத்தில் தீர்மானம் நிறைவேறுவதற்கு முன் உறுப்பினர் என்ற முறையில் நான் எவற்றைக் கேட்க வேண்டும்? செலவைக் கிளைகளின் எண்ணிக்கைப்படி முக்கால், கால் என்று பிரித்திருப்பது சரிதானா?

சாலைப்பொறியாளர்:
செலவுப் பங்கீட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் எளிது. கிளைகளின் எண்ணிக்கைப்படி பிரிப்பது பரவலான வழக்கம்; ஒவ்வொரு கிளையிலும் வரும் வாகனங்களின் எண்ணிக்கைப்படி பிரிப்பதும் உண்டு. இரண்டில் எதை ஏற்றாலும், டெண்டர் தொகை மதிப்பீட்டைத் தாண்டினாலோ, தோண்டும்போது வரைபடத்தில் இல்லாத குடிநீர்க் குழாயோ மின்வடமோ குறுக்கிட்டாலோ கூடுதல் செலவு அதே விகிதத்தில் பகிரப்படுமா, எந்த அளவைத் தாண்டினால் மீண்டும் மன்ற ஒப்புதல் பெற வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. சிக்னல் என்று முடிவு செய்த பிறகே ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது. எவ்வகை விபத்துகள் அங்கே நிகழ்கின்றன என்ற ஆய்வு ஒப்பந்தத்தின் முதல் கட்டமாக இருந்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கான விபத்துப் பதிவுகளை எடுத்து, எந்தத் திசையில் வந்த வாகனம் எதன்மீது மோதியது என்று சந்திப்பின் வரைபடத்திலேயே குறித்துப் பார்த்தால், சிக்கல் பக்கவாட்டு மோதலா, திரும்பும் வாகனங்களா, பாதசாரிகள் கடக்கும் இடமா என்பது தெரிந்துவிடும். சிக்னல் பக்கவாட்டு மோதல்களைக் குறைக்கும். ஆனால் பின்னால் வந்து இடிக்கும் விபத்துகளைப் பல இடங்களில் கூட்டவும் செய்யும்.

ரவுண்டானாவையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண நான்முனைச் சந்திப்பில் வாகனப் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத்தட ரவுண்டானாவில் அவை 8 மட்டுமே. எல்லா வாகனங்களும் வேகத்தைக் குறைத்தே நுழைய வேண்டியிருப்பதால் மோதல் நேர்ந்தாலும் அதன் கடுமை குறைகிறது. சிக்னல் சந்திப்பை ரவுண்டானாவாக மாற்றுவதால் உயிரிழப்பும் காயமும் ஏற்படுத்தும் விபத்துகள் 78 விழுக்காடு குறைவதாக அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் கூறுகிறது. ஏற்கெனவே வட்டத்துக்குள் சுற்றிவரும் வாகனத்துக்கே முன்னுரிமை என்ற விதியை 1966-இல் பிரிட்டன் ஏற்ற பிறகுதான் இந்த அமைப்பு ஒழுங்காக இயங்கத் தொடங்கியது என்பதால், அந்த விதி நடைமுறையில் மதிக்கப்படாத இடத்தில் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. நிலமும் கூடுதலாகத் தேவைப்படும். எந்த உள்ளாட்சியின் எல்லையில் அந்த நிலம் எடுக்கப்படும் என்ற கேள்வி எழுந்தவுடன் பல பேச்சுவார்த்தைகள் அங்கேயே நின்றுவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பொறியியல் எனக்குத் தெரியாது. ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்யும் வேலையில் இருப்பவன். கட்டுமானம் ஒருமுறைச் செலவு, பராமரிப்போ ஆண்டுதோறும் வரும் செலவு. விளக்குகளுக்கான மின்கட்டணம் யார் பெயரில் வரும்? கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் ஆள் அனுப்ப வேண்டும்? கம்பத்தில் வாகனம் மோதினால் இழப்பீட்டை வசூலிக்கும் உரிமை யாருக்கு? காப்பீடு யார் பொறுப்பு, சந்திப்பில் நேர்ந்த விபத்துக்காக வழக்கு வந்தால் எந்தத் தரப்பு எதற்குப் பதில் சொல்லும் என்பவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு வேண்டும். "ஒத்துழைக்கும்" என்று எழுதினால் வழக்கறிஞர்களுக்கு வேலை கிடைக்கும், அவ்வளவுதான்.

மானியம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தால், அது கிடைக்காமல் போனால் ஒப்பந்தம் தானாக ரத்தாகுமா, அல்லது சொந்த நிதியில் தொடர வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

எல்லைச்சாலை:
இருவருக்கும் நன்றி. சிக்னல் நேரத்தை மாற்றும் அதிகாரம் குறித்து வரைவில் ஒன்றுமே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அதை ஒரே தரப்பிடம் விட்டுவிடலாமா? அண்டை உள்ளாட்சி தன் சாலையில் வாகனங்கள் தேங்குவதாக அடிக்கடி முறையிடுகிறது.

சாலைப்பொறியாளர்:
இயக்கும் பொறுப்பு ஒரே தரப்பிடம் இருப்பதே நல்லது. ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இரு சாவிகள் இருந்தால், சில மாதங்களில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். ஆனால் மாற்றங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், மறுதரப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும்.

இதில் ஓர் எல்லைக்கோடும் வரைய வேண்டும். பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பேசித் தீர்க்கக்கூடியவை. மஞ்சள் விளக்கின் நேரமும், அதற்குப் பின் எல்லாத் திசைகளிலும் சிவப்பு எரியும் இடைவேளையும், பாதசாரி கடப்பதற்கான நேரமும் அப்படியல்ல. மஞ்சள் நேரம் சாலையில் வாகனங்கள் வரும் வேகத்தையும் சரிவையும் வைத்துக் கணக்கிடப்படுவது. பொதுவாக 3 முதல் 6 நொடிகளுக்குள் அமையும். தேக்கத்தைக் குறைக்கிறேன் என்று அதில் ஒரு நொடியைக் குறைத்தால், நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஓட்டுநர்கள் சிக்கிக்கொள்வார்கள். எனவே இம்மூன்றையும் தகுதியுள்ள பொறியாளரின் எழுத்துபூர்வக் கணக்கீடு இல்லாமல் எந்தத் தரப்பும் மாற்றக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

புள்ளிக்கணக்கு:
தாமதமாக வருகிறேன். மேம்பாடு பலன் தந்ததா என்று யார் அளப்பார்கள் என்ற கேள்வி இன்னும் எழவில்லை. விபத்துகள் மிக அதிகமாக இருந்த ஓராண்டைப் பார்த்துத்தான் பெரும்பாலும் சந்திப்புகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை வழக்கமான அளவுக்கு இறங்கக்கூடும். ஆகவே முந்தைய ஆண்டு, பிந்தைய ஆண்டு என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டு வெற்றி அறிவிப்பது ஏமாற்றமாக முடியலாம். பணி முடிந்து மூன்றாண்டுகள் வரை இரு தரப்பும் விபத்துத் தரவுகளை ஒரே படிவத்தில் பகிர வேண்டும், மாற்றம் செய்யப்படாத ஒத்த சந்திப்புகளோடு அவற்றை ஒப்பிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். காவல்துறையின் பதிவுகள் தேவைப்படும் என்பதால், அவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பு எந்தத் தரப்புடையது என்பதையும் அதே பிரிவில் சேர்த்துவிடுங்கள்.