டாட்சன் 240 இசட் டேஷ்போர்டு பேட்: வெடிப்பு, கழற்றுதல், மாற்றுதல் (பழைய கார் மன்ற உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு)

மறைகழற்றி:
1969 கடைசியில் வெளிவந்து 1978 வரை தயாரான டாட்சனின் எஸ்30 வரிசை ஸ்போர்ட்ஸ் கார்களில் (240, 260, 280 இசட்) வெடிக்காத டேஷ்போர்டு அபூர்வம். கலிஃபோர்னியா, அரிசோனா வெயிலில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். மீட்டர் கூண்டின் மேல்முதுகு, நடுவில் இருக்கும் மூன்று சிறு மீட்டர்களுக்கு மேலே, முன்கண்ணாடியோர டீஃப்ராஸ்டர் துளைகளை (கண்ணாடியின் மங்கலைப் போக்கும் காற்று வரும் துளைகள்) சுற்றி, இந்த மூன்று இடங்களில்தான் முதலில் பிளக்கும்.

என்ன முறையில் சரிசெய்வது என்று முடிவெடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடியில் இரும்புத் தகட்டுச் சட்டகம், அதன் மேல் பாலியூரிதேன் ஃபோம், அதற்கு மேல் பிவிசி தோல். மூன்றும் ஒரே உடம்பு, அதைத்தான் பேட் என்கிறோம். பிவிசியை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும். கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் படியும் மங்கலில் பெரும்பகுதி அதுதான். எண்ணெய் போகப் போகத் தோல் சுருங்கும், விறைக்கும். அடியில் இருக்கும் இரும்பு சுருங்காது. எங்கே வளைவு கூர்மையோ அங்கே தோல் கிழியும். கிழிந்த வழியாக வெயிலும் ஈரமும் போய் ஃபோம் மக்கத் தொடங்கும்.

விரிசலின் ஓரத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். உதடு மாதிரி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி, காய்ந்த ஆரஞ்சுத் தோல் போல மடங்கி நிற்கும். விரலை உள்ளே விட்டால் பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அந்தத் தூள்தான் உண்மையான நோய். தோலை மட்டும் ஒட்டி மூடினால் அடுத்த கோடையில் அதே இடத்துக்கு அரை அங்குலம் தள்ளிப் பிளக்கும்.

அதனால் முதல் சோதனை கட்டைவிரல் சோதனை. விரிசலிலிருந்து நாலு விரல் தள்ளி அழுத்துங்கள். அமுங்கி மெதுவாக எழுந்தால் ஃபோம் உயிரோடு இருக்கிறது, பழுது பார்க்கலாம். நொறுநொறுவென்று சத்தம் கேட்டு பள்ளம் அப்படியே நின்றால் அந்தப் பகுதியை இரும்பு வரை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் பழுது வேண்டாம், முழு மாற்றுக்குப் போங்கள்.

மீட்டர் முள்:
கழற்றும் வேலையைப் பற்றி. முன்கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை, டேஷ் முழுசாகக் கதவு வழியாக வெளியே வரும். ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் நடுவில் தொய்ந்து, புதிதாக ஒரு விரிசல் விழும்.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றாமல் உள்ளே கை வைக்காதீர்கள். 240 இசட்டில் இருப்பது வோல்ட் மீட்டர் இல்லை, அம்மீட்டர். வண்டியின் மின்னோட்டம் அந்த மீட்டர் வழியாகவே போகிறது. சாவி அணைத்திருந்தாலும் அதன் தடித்த ஒயரில் மின்சாரம் இருக்கும். ஸ்பானர் நுனி அதிலும் இரும்புச் சட்டகத்திலும் சேர்ந்து பட்டால் ஃப்யூசிபிள் லிங்க் (மின்னோட்டம் மிஞ்சினால் உருகும் பாதுகாப்பு ஒயர்) போகும், அல்லது ஒயரிங் எரியும்.

அப்புறம் நடுக் கன்சோல், ரேடியோ, ஹீட்டர் கட்டுப்பாட்டுப் பலகை, கிளவ் பாக்ஸ், அதன் உள்ளே இருக்கும் அட்டைப் பெட்டி, ஸ்டீயரிங் வீல், அதைத் தாங்கும் தண்டின் உறை என்று வரிசையாக எடுங்கள். ஸ்டீயரிங் தண்டை டேஷுக்கு அடியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, தண்டைச் சீட்டின் மேல் ஒரு போர்வை போட்டு இறக்கி வைத்துவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளின் சொரசொரப்பான நட்டைக் கையாலேயே திருகலாம். பிளையர் போட்டால் நட்டு நசுங்கும்.

டேஷைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் கண்ணாடியோர மேல் விளிம்பிலும், இரண்டு ஓரங்களிலும், நடுவில் கீழேயும் இருக்கும். கழற்றக் கழற்ற எண்ணி, எந்த இடம் என்று எழுதி, இடத்துக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். எல்லாம் கழன்ற பிறகும் வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். மறந்த போல்ட் ஒன்று இருக்கிறது, அல்லது ஒரு ஒயர் கட்டு மாட்டியிருக்கிறது, அல்லது டீஃப்ராஸ்டர் குழாய் விடவில்லை. அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் ஐம்பது வருஷப் பழசு. குளிரில் இழுத்தால் அப்பளம் போல நொறுங்கும். ஹேர் டிரையரால் இரண்டு நிமிஷம் சூடு காட்டிவிட்டு இழுத்தால் முழுசாக வரும்.

ஒவ்வொரு ஒயர் கனெக்டரிலும் இரண்டு பக்கமும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பாதி வேலை.

டேஷ் வெளியே இருக்கும்போது மீட்டர் பல்புகளை மாற்றிவிடுங்கள். ஹீட்டர் குழாய், ஹீட்டர் வால்வு, ஹீட்டர் கோர் (சூடு தரும் சிறு ரேடியேட்டர்) மூன்றையும் பாருங்கள். அந்த வால்வு ஒழுகுவது இந்த வண்டியில் பிரசித்தம். அதற்காக இரண்டாவது தடவை டேஷைக் கழற்றுவது மாதிரி வலி வேறு இல்லை.

சட்டப் பிரியன்:
ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்கச் சந்தைக்குப் போன 240 இசட்டில் ஓட்டுநர் பக்க மேல் மூலையில், கண்ணாடி வழியாகத் தெரியும்படி, வண்டியின் அடையாள எண் தகடு டேஷிலேயே ரிவெட் அடித்திருக்கும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அந்த எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் குற்றம். பழுதுக்கு அவசியம் என்றால் விலக்கு உண்டு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உங்கள் மாநில வாகனத் துறையிடம் முதலில் கேளுங்கள். தகடும் ரிவெட்டும் இருந்த நிலையில், டேஷோடு சேர்த்து, பக்கத்தில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். தகட்டைத் தனியாகக் கூரியரில் அனுப்பவே அனுப்பாதீர்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த ரிவெட்டைத்தான்.

ரெக்சின் மேசை:
இனி பேட் வேலை. வழி நான்கு: மேல் மூடி ஒட்டுவது, விரிசலை மட்டும் நிரப்புவது, ரெக்சின் போர்த்துவது, வெற்றிட முறையில் புதுத் தோல் போடுவது.

மூடி என்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அச்செடுத்த ஓடு. அமெரிக்காவில் கவர்லே, அக்யூஃபார்ம் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. டேஷைக் கழற்றாமல் ஒரு மதியத்தில் முடியும். தினசரி ஓட்டும் வண்டிக்குப் போதும், மீட்டெடுப்பு என்று சொல்ல முடியாது. விரிசல் உதடுகளை பிளேடால் சீவி மட்டம் பண்ணாமல் ஒட்டினால் மூடி ஆடும். ஒட்டுவதற்கு நியூட்ரல் வகை சிலிக்கான் வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் அமிலம் விடும், விரிசல் வழியாக உள்ளே போய் இரும்பை அரிக்கும். பின்னால் மனம் மாறி மூடியை எடுக்க நினைத்தால் பழைய தோலும் சேர்ந்து பிய்ந்து வரும் என்பதையும் மனதில் வையுங்கள். அரிய வண்டியில் மூடி ஒட்டுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

விரிசலை நிரப்புவதில் எல்லோரும் செய்யும் தவறு, டிங்கர் பட்டி போடுவது. பட்டி கல் மாதிரி இறுகும். சுற்றிலும் மெத்து மெத்தென்று இருக்கும் ஃபோமுக்கு நடுவே கல் இருந்தால் அதன் ஓரம் பிளக்கும். இதற்கென்றே வளையும் தன்மையுள்ள இரு பகுதிக் கலவை இருக்கிறது. பாலிவான்ஸ் தயாரிக்கும் டேஷ் ஃபில்லர் அந்த வகை.

முதலில் தோலைச் சுத்தம் செய்யுங்கள். வருஷக்கணக்கில் பூசிய சிலிக்கான் பாலிஷ் அதில் ஊறியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பச்சை நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் நீக்கியால் இரண்டு தடவை துடையுங்கள். ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. இதில் சோம்பல் பட்டால் கடைசியில் பெயின்ட் மீன்கண் மாதிரி விலகும், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிறகு தூக்கி நிற்கும் உதட்டை முழுக்க வெட்டி எறியுங்கள். சூடு காட்டி அமுக்கிவிடலாம் என்று தோன்றும், அமுங்கும், அடுத்த வெயிலில் எழுந்துவிடும். விரிசல் முடியும் இரு நுனியிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், விரிசல் மேலே ஓடாது. வெட்டிய இடத்தை வி வடிவத்தில் 10 முதல் 12 மில்லிமீட்டர் அகலம் திறந்து, இரு பக்கமும் ஒரு அங்குலம் வரை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். கலவையை நிரப்பி, சற்றே மேடாக விட்டு, டப்பாவில் போட்ட நேரம் காயவிட்டு 80, 180, 320 என்று தேய்த்து இறக்குங்கள். கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் கைக்குத்தான் தெரியும். அதன் மேல் தோல் போன்ற சொரசொரப்பைத் தரும் டெக்ஸ்சர் ஸ்ப்ரே, மெல்லிசாக நாலைந்து தடவை. கடைசியாக ரெக்சினுக்கான வளையும் பெயின்ட், மேட் பூச்சில். பளபளப்பு வேண்டாம், கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

பெரிய பள்ளத்தை நிரப்ப, கதவுச் சட்டத்துக்கு அடிக்கும் ஒற்றை டப்பா ஸ்ப்ரே ஃபோமை எடுக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும். மூடிய இடத்தில் உள்ளே நாள்கணக்கில் ஈரமாகவே இருந்து, பிறகு உப்பி மேல் தோலைத் தூக்கும். அளவு பார்த்துக் கலக்கும் இரு பகுதி வளையும் ஃபோம்தான் சரி. அதை ஊற்றும் முன் சட்டகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள்.

வெயில்:
ரெக்சின் போர்த்துவதைப் பற்றி ரெக்சின் மேசை விட்டதைச் சொல்கிறேன். நாலு பக்கமும் இழுபடும் ரெக்சின் வேண்டும். சீட்டுக்குப் போடும் தடித்த ரெக்சின் மீட்டர் கூண்டின் வளைவில் ஏறாது. 54 அங்குல அகலத்தில் 2 மீட்டர் வாங்கினால் ஒரு தவறுக்கு இடம் இருக்கும்.

பசைதான் உயிர். நிறுத்தின வண்டியில் டேஷின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். சாதாரண ரப்பர் பசை அந்தச் சூட்டில் இளகும். கார் கூரை ரெக்சினுக்கு என்று விற்கும் உயர் வெப்பப் பசையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பரப்பிலும் பூச வேண்டும், ஃபோம் பக்கம் இரண்டு கை. விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. அந்த நேரத்தில் ஒட்டினால்தான் பிடிக்கும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் உள்ளே ஆவி அடைபட்டுக் கொப்புளம் வரும்.

உள்வளைவுகளில்தான் எல்லாப் போர்த்தலும் தோற்கிறது. மீட்டர் கூண்டின் முதுகு இறங்கிப் பலகையைச் சந்திக்கும் குழிவைப் பாருங்கள். மேட்டில் முதலில் ஒட்டிவிட்டுக் குழிவுக்கு வந்தால், ரெக்சின் பாலம் போலத் தொங்கி, முதல் வெயிலில் பிரியும். குழிவில் தொடங்குங்கள், அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள், பிறகு மேட்டுக்கு ஏறுங்கள். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், ரெக்சினின் மேல்வரிகள் உருகி வழவழப்பாகிவிடும்.

ரெக்சினுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் மெல்லிய ஃபோம் போட்டால் பழைய மேடு பள்ளம் மறையும். யோகா பாய் மாதிரி, உள்ளே இருக்கும் சிறு காற்றறைகள் மூடியிருக்கும் வகை வேண்டும். சாதாரணப் பஞ்சு பசையைக் குடித்து, மேலே புள்ளி புள்ளியாகக் காட்டும். ஆனால் இந்தத் தடிமனுக்கு ஒரு விலை உண்டு. மீட்டர் துளையில் ரெக்சினை உள்ளே மடித்தால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலே துளை விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறையும், டாக்கோமீட்டர் (இன்ஜின் சுழற்சி வேகம் காட்டும் மீட்டர்) உள்ளே போகாது. துளை ஓரத்தில் மெல்லிய ஃபோமை நிறுத்திவிட்டு ரெக்சினை மட்டும் மடியுங்கள். 10 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு போட்டு மடித்தால் சுருக்கம் விழாது.

மறைகழற்றி:
வெற்றிட முறைக்கு அனுப்புபவர்களுக்கு: கலிஃபோர்னியாவின் வான் நைஸில் இருக்கும் ஜஸ்ட் டாஷஸ் போன்ற பட்டறைகள் பழைய தோலை உரித்து, ஃபோமைச் சரிசெய்து, சூடாக்கிய பிவிசி தாளை வெற்றிடத்தால் இழுத்து ஒட்டுகிறார்கள். தொழிற்சாலைத் தோலுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆழமான இடங்களில் தாள் இழுபட்டு மேல்வரிகள் கொஞ்சம் விரியும், அது முறையின் இயல்பு. அவர்கள் கழற்றச் சொல்லும் பொருள்களை எல்லாம் கழற்றி, வெறும் பேடாக அனுப்புங்கள். பெட்டிக்குள் ஒரு பிளைவுட் பலகையில் போல்ட் துளைகள் வழியாகத் திருகி நிறுத்தினால் மூலை உடையாது. அடிப்பக்க விளிம்பிலிருந்து, வெயில் படாத பழைய தோலில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் நிறமும் மேல்வரிகளும் ஒப்பிட உதவும்.

ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களும் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். 1967, 1968 மஸ்டாங்கில் பேட் தனி உறுப்பு, திருகும் நட்டும் கழற்றினால் வந்துவிடும். முதலில் கண்ணாடித் தூணின் அலங்காரப் பட்டைகளை எடுக்க வேண்டும். புதுப் பேட் பெட்டியில் வளைந்து வந்திருந்தால் ஒரு நாள் வெதுவெதுப்பான அறையில் தட்டையாகக் கிடத்துங்கள். எல்லா நட்டையும் இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள். ஒரு முனையை முதலில் இறுக்கினால் மறுமுனையில் துளை பொருந்தாது.

இன்னொன்று. ஃபோமை எடுத்துவிட்டு ஃபைபர் கிளாஸில் கடினமான டேஷ் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பந்தய வண்டியில் ஹெல்மெட்டும் பல புள்ளி பெல்ட்டும் இருக்கும். தெருவில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். அமெரிக்காவின் 201-ஆம் எண் பாதுகாப்பு விதி 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோதலில் தலை இடிக்கும் இடம் அதிர்ச்சியை வாங்க வேண்டும் என்பதே அதன் சாரம். மெத்து மெத்தென்ற அந்தப் பேட் வெறும் அழகுக்காக வைத்ததில்லை.

மீட்டர் முள்:
திருப்பி மாட்டும்போது, பேடை வண்டிக்குள் ஏற்றும் முன்பே மேசையில் வைத்து எல்லா மீட்டரையும் போட்டுப் பாருங்கள். பிரைமர் அடித்த சட்டகத்தில் எர்த் வரும் போல்ட் முகங்களை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் மாட்டிய பிறகு முள் ஆடும், விளக்கு மங்கும், காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும். டேஷை உள்ளே வைத்ததும் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, டீஃப்ராஸ்டர் குழாய்கள் வாயில் பொருந்தியிருக்கின்றனவா என்று கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே இறுக்குங்கள். ஸ்டீயரிங் தண்டை ஏற்றி, பேட்டரியைப் போட்டு, கிளவ் பாக்ஸையும் நடுக் கன்சோலையும் மூடாமலேயே ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். எண்ணெய் அழுத்த முள் எழுந்து, அம்மீட்டர் முள் அசைந்த பிறகு மிச்சத் திருகுகளைப் போடலாம்.