ஊருக்குள்ள போய்க் கலை வரலாறு நடத்தினவங்க, மறக்க முடியாத அனுபவம் இருந்தா சொல்லுங்க

நடுகல் வாத்தியார்:
செங்கம் பக்கம் ஒரு ஊர். எம்.ஏ. பசங்களோட ஒரு நடுகல்ல, அதான் செத்துப்போன வீரனுக்கு நட்ட கல்ல, மைப்படி எடுக்கப் போனோம். ஈரத்தாள ஒட்டி மை தட்டி எழுத்தப் படியெடுக்கிறதுதான் மைப்படி. ஊர்க்காரங்களுக்கு அந்தக் கல்லு வேடியப்பன். மஞ்சளும் எண்ணெயும் ஏறி எழுத்தே தெரியல. வீரன் காலடியில சின்னதா ஒரு பாத்திரம். பூச பண்ற பாட்டி, "அது சாமியோட கள்ளு சொம்பு கண்ணு, வருசா வருசம் அதுமேலதான் ஊத்துவோம்"னாங்க. நான் பசங்க முன்னாடி சிரிச்சிக்கிட்டே, "இல்லம்மா, அது கெண்டி"ன்னேன். மூக்கு வச்ச பாத்திரத்துக்கு எங்க பாடத்துல அதான் பேரு. முந்தானையில கையத் துடைச்சிட்டு, "படிச்சவங்க சொன்னா சரிதான்"னு தள்ளிப் போய் நின்னுட்டாங்க. அப்புறம் பேச்சே இல்ல.

அதியமான் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சின்னக் கலத்துல கள்ளு ஊத்துறத ஔவையார் பாடினது புறநானூறு 232. முந்தின வாரம்தான் அத நடத்தியிருந்தேன்.

சாரல்:
கெண்டின்னு சொன்னதுல என்ன தப்பு சார்? எடுத்தனூர் நடுகல்லுல இருக்கிற நாய்க்குக் கோவிவன்னு பேருன்னு எழுத்தப் படிச்சுதானே தெரிஞ்சுது? எங்களையும் ஒரு ஊர்ல விரட்டிவிட்டாங்க, அது கெடக்கட்டும். போறவங்களுக்குச் சொல்றேன்: மொதல்ல பூசாரியப் பாருங்க, அப்புறம் ஊர்ப் பெரியவங்க. திருவிழா சமயத்துல போகாதீங்க. கம்பி பிரஷ் கூடவே கூடாது. எண்ணெய் ஏறின கல்லுல ஈரத்தாள் ஒட்டாது, அடிச்சு அடிச்சுக் கிழிக்காதீங்க. இருட்டினதும் பக்கவாட்டுல டார்ச் அடிங்க, நிழல் விழுந்து எழுத்து தெரியும், போட்டோ எடுத்துக்கலாம். சாக்பீஸால எழுத்த நிரப்பினா நீங்க படிச்சதுதான் கல்லுல இருக்கும், கல்லுல இருக்கிறது இருக்காது.

எழும்பூர்க்காரி:
சாரல், அவர் மைப்படி எடுக்கிறது எப்படின்னா கேட்டாரு?

எழும்பூர் மியூசியத்துல வெண்கலக் கூடம், திருவாலங்காட்டு நடராசர் முன்னாடி பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஆனந்த தாண்டவம் விளக்கிட்டிருந்தேன். துணைக்கு வந்த தாத்தா ஒருத்தர் முகத்தையே பார்க்கல. குனிஞ்சு ஒரு உற்சவர் பீடத்துல இருந்த ஓட்டையைக் காட்டி, "தண்டு சொருகுற எடம்"னாரு. சட்டையை எறக்கித் தோள்பட்டையில காய்ச்சுப்போன மேட்டப் பசங்களத் தொடச் சொன்னாரு. சாமி தூக்கினவராம். வருசக்கணக்கா அதே கூடத்துல பேசுறேன், பீடத்தைக் காட்டினதே இல்ல.

வாத்தியாரே, அந்தப் பாட்டிய மறுபடி போய்ப் பாத்தீங்களா?

நடுகல் வாத்தியார்:
இல்லம்மா. மைப்படி எங்க துறைச் சுவத்துல மாட்டியிருக்கு. கீழ இன்னும் 'கெண்டி'ன்னுதான் எழுதியிருக்கு.