மதுரைக் கடற்சாரணர் படை: பழைய படங்களும் நினைவுகளும் தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இயங்கிய கடற்சாரணர் படை (படகோட்டுதல் போன்ற நீர்ப்பயிற்சிகளில் ஈடுபடும் சாரணர் குழு) ஒன்றின் தொடக்கக்கால வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவான சில ஆண்டுகளில் தாம் இப்படையில் சேர்ந்ததாகவும், கடல் இல்லாத ஊர் என்பதால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நீர் நிறைந்திருந்த நாட்களில் துடுப்புப் போடப் பழகியதாகவும், கோடை விடுமுறையில் மண்டபம் கடற்கரையில் முகாமிட்டதாகவும் என் தந்தையார் சொல்வார். அவர் விட்டுச் சென்றவை ஒரு கழுத்துத் துணியும், பெயர்கள் எழுதப்படாத ஒரு குழுப்படமும் மட்டுமே.

தெப்பக்குளம், அனுப்பானடி, கீழவாசல் பகுதிகளின் மூத்தவர்கள் எவரேனும் இப்படையில் இருந்திருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். முதல் படகு எங்கிருந்து வந்தது, சாரண ஆசிரியராக இருந்தவர் யார் என்பவற்றையே முதன்மையாக அறிய விழைகிறேன். படங்களைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் போதும். மூலப் படங்கள் உங்களிடமே இருக்கட்டும். முதியவர்களை அவர்கள் இல்லத்திலேயே வந்து சந்திக்கிறேன்.