முட்டிக்கு பிஆர்பி ஊசி (நம்ம ரத்தத்துலேர்ந்தே தட்டணுவை, அதாவது பிளேட்லெட்டைச் செறிவாக்கி எடுத்து முட்டிக்குள்ள போடறது) போட்டவங்க, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

மல்லி:
அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், எக்ஸ்ரே பாத்து நாலு கிரேடுல மூணாவதுன்னாங்க, மாத்திரை பிசியோ எல்லாம் பாத்தாச்சு, அதை விடுங்க. ஊசி போட்ட அன்னிக்கு நடந்த ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. கையில ரத்தம் எடுத்து மெஷின்ல சுத்தவிட்டு டியூபை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினார் டாக்டர், கீழ செவப்பா, மேல தெளிவா மஞ்சளா. "பாருங்கம்மா, மருந்து உங்க உடம்புக்குள்ளயே இருக்கு"ன்னார். அம்மா அதையே உத்துப் பாத்துட்டு "அப்ப இவ்வளவு நாளா இது என் முட்டிக்குப் போகலையா டாக்டர்?"னு கேட்டாங்க. அவர் சிரிச்சுட்டே நர்ஸ் பக்கம் திரும்பிட்டார், பதிலே சொல்லல. இப்ப வலி பரவால்லங்கறாங்க, நெஜமாவே கொறஞ்சுதா இல்ல என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றாங்களான்னு தெரியல.

பழைய ஷட்டில்காரன்:
அம்மா கேட்டது சரியான கேள்வி. நான் ஊசி போட்டுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி பட்டதைச் சொல்றேன். முட்டி வீங்கி, போர்வை உரசினாலே உசுரு போகுது, வலி, வீக்கம் கொறைக்கற டைக்ளோஃபெனாக் மாத்திரை கைக்கெட்டுற தூரத்துலயே கெடக்கு, ஆனா தொடக் கூடாது. அந்த வகை மாத்திரை தட்டணுவோட வேலையைக் கெடுக்கும்னு ஊசிக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லி, அப்புறமும் பாரசிட்டமால் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மூணு நாள்ல அடங்கிடுச்சு. ஆனா இப்படி ஒரு ராத்திரி வரும்னு ஒருத்தரும் வாய தெறக்கலயே, அதுதான் கடுப்பு.

தேன்மொழி:
எனக்கும் போட்டாங்க, ஒரு வித்தியாசமும் தெரியல, என் கதை அவ்வளவுதான். மல்லி, உங்கம்மா கேள்விக்கு பதில் இருக்கு. மூட்டு ஜவ்வுக்கு, அதான் எலும்பு முனையை மூடியிருக்கற குருத்தெலும்புக்கு, ரத்தக் குழாயே கெடையாது, மூட்டுக்குள்ள இருக்கற நீர்லேர்ந்துதான் அதுக்கு சத்து போகுது. அதனால தட்டணுவைச் செறிவாக்கி நேரா உள்ள விட்டா அதுல இருக்கற வளர்ச்சிக் காரணிகள் (திசு வளரத் தூண்டற புரதங்கள்) வேலை செய்யும்ங்கறதுதான் இவங்க கணக்கு. கணக்கு நல்லாதான் இருக்கு, ஆனா ஆஸ்திரேலியால 288 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2021ல வெளியிட்டாங்க. எல்லார்கிட்டயும் ரத்தம் எடுத்தாங்க, சிரிஞ்சை மறைச்சுட்டாங்க, பாதிப் பேருக்கு பிஆர்பி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. ஒரு வருஷம் கழிச்சு பத்துக்கு எத்தனை வலின்னு கேட்டா பிஆர்பி காரங்களுக்கு 2.1 கொறஞ்சிருக்கு, உப்புத் தண்ணி காரங்களுக்கு 1.8. எம்ஆர்ஐலயும் ஜவ்வு தேயறதுல வித்தியாசம் இல்ல. வெறும் உப்புத் தண்ணிக்கே 1.8 பாருங்க! "ஜவ்வு வளரும்"னு சொல்லி யாராச்சும் போட்டா அவங்ககிட்ட இதைக் கேளுங்க.

நடை:
தேன்மொழி எப்பவும் அந்த ஒரு ஆய்வையே காட்டுவாங்க. அதுல தட்டணு செறிவு கம்மின்னு விமர்சனம் இருக்கே, அதை ஏன் சொல்லல? ரத்தத்தைப் பிரிக்க ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கிட், ஒருத்தர் வெள்ளணுவோட சேத்துப் போடறார், ஒருத்தர் எடுத்துட்டுப் போடறார், எல்லாத்துக்கும் பேரு மட்டும் பிஆர்பி. அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கம் 2021ல வலி கொறைய வாய்ப்பு இருக்குன்னுதானே சொல்லியிருக்கு? நான் படியில பக்கவாட்டுல திரும்பி ஒவ்வொரு காலா வச்சு எறங்கிட்டிருந்தவன், ஊசி போட்டு ஒரு மாசம் கழிச்சு ஃபோன் பேசிட்டே நேரா எறங்கியிருக்கேன், கீழ வந்தப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது. இதை எந்த டேபிள்ல போடுவீங்க?

தேன்மொழி:
அதே சங்கம் ஆதாரம் அவ்வளவு வலுவா இல்லன்னும்தான் சொல்லுது, அதை விட்டுட்டீங்க. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019ல முட்டி, இடுப்பு ரெண்டுக்குமே வேண்டாம்னு அழுத்தமா சொல்லியிருக்கு. நீங்க நேரா எறங்கினது பொய்ன்னு நான் சொல்லல, ஊசியாலதான் எறங்கினீங்களாங்கறதுதான் கேள்வி.

தொடைபலம்:
எங்கக்கா போட்டுக்கிட்டா, ஆறு மாசம் நல்லா இருந்தா, திரும்ப வலி வந்துருச்சு. சரி சண்டையை விடுங்க. ஊசி போட்டாலும் போடாட்டியும் தொடை முன்பக்கத் தசை பலமா இல்லன்னா முட்டிக்கு நிம்மதி கெடையாது, தேய்மானத்துக்கு முதல்ல சொல்றதே உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான், இதுல எந்த சங்கத்துக்கும் தகராறு இல்ல. ஒரு கிலோ எடை கொறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல ஏறற பாரம் நாலு கிலோ கொறையுதுன்னு அளந்தே பாத்திருக்காங்க. நாற்காலில உக்காந்து கைய ஊனாம எழுந்திருங்க, மெதுவா உக்காருங்க. முடியலன்னா உயரமான நாற்காலி போட்டுக்கோங்க. உக்காந்தபடி காலை நீட்டி கொஞ்ச நேரம் நிறுத்தி எறக்குங்க. லேசா வலிச்சா பயப்பட வேண்டாம், மறுநாளும் விடாம வலிச்சா கொறைச்சுக்கோங்க. சும்மா இருந்தா ஜவ்வு மிச்சமாகும்னு நெனச்சு நடக்காம கெடக்காதீங்க, தசை போயிடும், அப்புறம் எந்த ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல.

பழைய ஷட்டில்காரன்:
யாரும் கேக்கல, நான் கேக்கறேன். ஊசி போட்ட வீக்கத்தோடயே இதெல்லாம் செய்யலாமா?

தொடைபலம்:
வீக்கம் வடியட்டும். அதுவரைக்கும் படுத்த வாக்குல காலை நீட்டி தொடையை இறுக்கி இறுக்கி விடுங்க, போதும். எழுந்து உக்கார்றது எப்ப ஆரம்பிக்கலாம்னு ஊசி போட்டவர்கிட்டயே கேட்டுக்கோங்க.