செராமிக் இழைகளை முறித்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

சூளைவாசி:
ஒற்றை இழையை இழுத்து முறித்துப் பலம் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. காகிதச் சட்டத்தில் ஒட்டி, கிளாம்பில் மாட்டி, சட்டத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு இழுக்க வேண்டும். நடுவில் தும்மினால் மாதிரி போச்சு.

நிக்கலான், ஹை-நிக்கலான் இரண்டுமே சிலிக்கான் கார்பைடு இழைகள். 1975-ல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் யாஜிமா காட்டிய வழியில் வந்தவை: சிலிக்கானும் கார்பனும் தொடராகக் கோத்த பாலிமரான பாலிகார்போசிலேனை உருக்கி நூலாக இழுத்து, அப்புறம் சுட்டுச் செராமிக் ஆக்குவது. அறை வெப்பநிலையில் இரண்டும் 3 ஜிகாபாஸ்கலை (பலத்தை அளக்கும் அலகு) ஒட்டியே முறிந்தன. எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவில் 1400 டிகிரி காட்டியதும் நிக்கலான் இழைகள் பல, சட்டத்தில் ஒட்டும்போதே உடைந்தன. ஹை-நிக்கலானுக்கும் பலம் குறைந்தது, ஆனால் சோதனை வரை தாங்கியது.

வித்தியாசம் சுடுவதற்கு முந்தைய படியில் இருக்கிறது. நூல் உலையில் உருகிவிடாமல் இருக்க முதலில் அதை இறுக வைக்க வேண்டும். நிக்கலானை இதற்காகக் காற்றில் சூடாக்குகிறார்கள். அப்போது ஏறும் ஆக்சிஜன், எடையில் சுமார் 10 சதவீதம், உள்ளேயே தங்கிவிடும். 1200 டிகிரிக்கு மேல் அது கார்பன் மோனாக்சைடாகவும் சிலிக்கான் மோனாக்சைடாகவும் வெளியேற, இழை பொத்தலாகிறது, உள்ளிருக்கும் படிகங்களும் பெரிதாகின்றன. ஹை-நிக்கலானை எலெக்ட்ரான் கற்றையால் இறுக்குகிறார்கள், ஆக்சிஜன் 0.5 சதவீதம் அளவுதான். விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு. தரவுத்தாளில் பலத்தை மட்டும் பார்த்து இழை வாங்காதீர்கள்; எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள்.

வெள்ளைநூல்:
நான் பார்த்தது அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு இழை. டூபான்ட்டின் எஃப்பி இழை பழைய கையிருப்பில் கொஞ்சம் கிடைத்தது. அலுமினாத் தூள் கலந்த குழம்பை நூலாக்கிச் சுட்டது அது. 20 மைக்ரான் தடிமன், உள்ளே இருக்கும் படிக மணிகள் அரை மைக்ரான். கொஞ்சம் கூர்மையாக வளைத்தால் போதும், முறியும். 3எம் நிறுவனத்தின் நெக்ஸ்டெல் 610 கரைசலைக் கூழாக்கி நூலாக்கும் சோல்-ஜெல் வழியில் வருவது, மணி 0.1 மைக்ரான், பலம் எஃப்பியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் இரண்டுமே 99 சதவீதத்துக்கு மேல் அலுமினா!

தறிப்பக்கம்:
சூளைவாசி, எந்த நீளத்தில் முறித்தீர்கள்? நீளம் கூடினால் பெரிய குறை ஒன்று மாட்டும் வாய்ப்பும் கூடும், பலம் குறைவாகக் காட்டும். நெய்யும் இடத்தில் இன்னொரு தொல்லை: இழைகளைக் காக்கப் பூசியிருக்கும் மேற்பூச்சை எரித்து எடுத்துவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று உரசிக் கீறிக்கொள்ளும்.

சூளைவாசி:
எல்லாமே 25 மி.மீ. தான். மேற்பூச்சை இரண்டிலும் ஒரே மாதிரி எடுத்துவிட்டுத்தான் உலையில் வைத்தேன்.