மெக்ரிட்சியில் முதல் காட்டு நடை: தொங்குபாலம் வரை போகலாமா?

ஈசூன்வாசி:
வணக்கம். நானும் மனைவியும் வரும் சனிக்கிழமை சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குள் நடக்கலாம் என்றிருக்கிறோம். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. தினமும் புளோக்கைச் சுற்றி அரைமணி நேரம் நடப்போம், அவ்வளவுதான் பழக்கம். மரவுச்சித் தொங்குபாலம் வரை போய்வர முடியுமா? தண்ணீர் எவ்வளவு வேண்டும்? குரங்குகள் எப்படி? மனைவிக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம்.

பாதைகாட்டி:
உயரப் பயம் என்று சொன்னதால் அதையே முதலில் சொல்கிறேன். பாலத்தின் நீளம் 250 மீட்டர். பள்ளமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், அதுவும் ஒருவழி. பாதி தூரத்தில் கால் நடுங்கினாலும் திரும்ப வழியில்லை, பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். ஏறுவதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது தொலைவு. அரைமணி நேர நடை என்பது சமதரையில் இரண்டரை கிலோமீட்டர். பாலத்தைச் சுற்றி வருவது, தொடங்கும் இடத்தைப் பொறுத்து 7 முதல் 10 கிலோமீட்டர், 3 முதல் 5 மணி நேரம். வேர், படி, ஏற்றம் எல்லாம் உண்டு. முதல் நடைக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. பூங்கா நுழைவாயிலில் தொடங்கி, நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிய மரப்பலகைப் பாதையில் போங்கள். 45 நிமிடம் ஆனதும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வழி தப்பாது, நிழலும் உண்டு. உங்களில் யார் மெதுவாக நடப்பாரோ அவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னே போனால் மற்றவர் மூச்சு வாங்கிக்கொண்டே துரத்துவார், ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுவார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

மழைக்கரிச்சான்:
பாலத்தை அடியோடு விட வேண்டியதில்லை. வீனஸ் டிரைவ் கார்பேட்டையிலிருந்து தொடங்கினால் தொலைவு குறையும். ஆனால் திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும் (பொது விடுமுறை என்றால் திறப்பார்கள்), மழையிலும் மூடிவிடுவார்கள். பாலத்துக்குப் போகும் வழியில் உள்ள ரேஞ்சர் (வனக்காவலர்) நிலையத்தில் கழிவறையும் தண்ணீரும் உண்டு. அதைத் தாண்டியதும் செங்குத்தான தார்ச்சாலை ஏற்றம். அங்கே பேச்சு நின்று இருவருக்கும் மூச்சு இரைத்தால் நிலையத்தோடு திரும்பிவிடுங்கள். பாலத்துக்கு அப்பாலும் படிகள் நிறைய இருக்கின்றன.

காலை 7 மணிக்குள் கிளம்புங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் இன்னும் அதிகம். இடிச்சத்தம் கேட்டால் நீரோரத்தை விட்டு நகர்ந்து பக்கத்துக் கூரைக்குள் போங்கள், தனித்து நிற்கும் உயரமான மரத்தடி கூடாது.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். இந்த ஈரக்காற்றில் வியர்வை காயாது, அதனால் உடம்பு குளிராமல் மேலும் மேலும் வியர்க்கும். போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுகட்டாது. அரை லிட்டரில் எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டுக்கொள்ளுங்கள். தலைவலி, மயக்கம், உடம்பு சிலிர்ப்பு வந்தால் உடனே நிழலில் உட்கார்ந்து கழுத்தை நனைக்க வேண்டும்.

பாதைகாட்டி:
குரங்கு பற்றி: பிளாஸ்டிக் பை சரசரத்தால் அவற்றுக்கு அது சாப்பாட்டுச் சத்தம். கையில் பை, பழம், பாக்கெட் பானம் எதுவும் வேண்டாம். எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள். சாப்பாட்டை நடைக்கு முன்போ பின்போ முடித்துவிடுங்கள். குரங்கு நெருங்கினால் கண்ணைப் பார்க்காதீர்கள். பல் தெரியச் சிரிப்பதுகூட அதற்குச் சவால்தான். கத்தாமல், ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

காலணியை இன்றே எடுத்துப் பாருங்கள். சில ஆண்டு அலமாரியில் கிடந்த காலணியின் நடு அடித்தட்டு இந்த ஊர் ஈரத்தில் உளுத்துப்போகலாம். வெளியே புதிதாகத் தெரியும், காட்டுக்குள் போனதும் அடிப்பாகம் கழன்று தொங்கும். இரு கையாலும் வளைத்து, பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெடிப்போ மாவு போன்ற உதிர்வோ இருந்தால் அது வேண்டாம். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துக் கொப்புளம் உண்டாக்கும், விளையாட்டுக் காலுறையே போதும்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. கரையோரப் பாதைக்கே போகிறோம். ஒரு சந்தேகம்: இறக்கத்தில் எனக்கு முழங்கால் வலிக்கும். கைத்தடி வேண்டுமா?

மழைக்கரிச்சான்:
கரையோரத்தில் தேவைப்படாது. பலகையில் பச்சையாகப் பாசி படிந்த இடங்களில் மட்டும் சின்ன அடியாக, பாதத்தை முழுதாகத் தட்டையாக வையுங்கள். படி இறங்கும்போது முழங்காலைச் சற்று மடித்து, பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினால் பாரம் தொடைக்குப் போகும். கிளம்புமுன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், பாதம் முன்னே சரிந்து பெருவிரல் நகம் இடிபடாது. நடக்கும்போது மரத்தண்டுகளையும் பாருங்கள். பட்டையில் பூஞ்சை படர்ந்த திட்டுப்போல ஒன்று ஒட்டியிருந்தால் அது பறக்கும் லெமூராக (மரத்துக்கு மரம் சறுக்கித் தாவும் பாலூட்டி) இருக்கலாம், பகலில் அசையாமல் அப்படியே இருக்கும். ஃபிளாஷ் போடாமல் படம் எடுங்கள்.