மறுமொழி: ‘டிராப்பர்’ என்னும் சொல்லும் அதன் கீழ்வரும் வகைகளும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நம் குழுமம் தொகுத்துவரும் கலைச்சொற்பட்டியலில், அமெரிக்க மேற்கெல்லையின் மென்மயிர்த்தோல் வணிகம் பற்றிய தலைச்சொற்களுள் ஒன்றான ‘டிராப்பர்’ (தோலுக்காக விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பவர்) என்பதற்கு வேடர், பொறியாளர், அடாரர் ஆகிய மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. வேடர் என்பது இலங்கையில் இன்றும் வாழும் தொல்குடி ஒன்றின் பெயர்; வில்லையும் அம்பையும் நினைவூட்டுவதும் கூட. பொறியாளர் என்று எழுதினால், ராக்கி மலைக்குப் பாலம் கட்டப் போனவர்கள் என்றே வாசகர் கொள்வர். அடார் அழகிய பழஞ்சொல்தான். நற்றிணையில் புனவன் தினைப்புனத்தில் மாட்டி வைப்பது ‘பெருங்கல் அடார்’. ஆனால் அது கல் விழுந்து விலங்கை நசுக்கும் அமைப்பு.

மென்மயிர்த்தோலுக்காகப் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கைப் பிடித்தவர்கள் கையாண்டது வில்சுருள் பூட்டிய எஃகுப் பொறி. அதைக் கரையோரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, சங்கிலியை ஆழமான பக்கத்தில் அடித்த முளையில் பிணைத்து, பீவரின் உடலிலிருந்தே எடுத்த மணப்பொருளைத் தடவிய குச்சியொன்றை மேலே நட்டுவிடுவர். மோப்பம் பிடித்து வரும் விலங்கு காலை வைத்ததும் ஆழத்துக்குப் பாயும்; பொறியின் கனத்தால் மேலே வர இயலாமல் மூழ்கி இறக்கும். தோலில் குண்டுத்துளை விழாது. எனவே பொதுச்சொல்லாகப் ‘பொறிவேட்டையாளர்’ என்பதை முன்மொழிகிறேன். (பீவரை ‘நீர்நாய்’ என்று எழுதும் வழக்கத்தையும் இத்துடன் விட்டுவிடலாம். நீர்நாய் மீன் தின்பது. பீவர் மரப்பட்டை தின்பது.)

எனினும் உண்மையான சிக்கல் பொதுச்சொல்லில் இல்லை, அதன் கீழ் வரும் வகைகளில்தான் உள்ளது. பொறி வைக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றே. பிடித்த தோல் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் இவர்கள் வேறுபட்டார்கள். ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்ந்தவர் பிடித்த தோல் முழுவதும் நிறுவனத்துக்குரியது. முகாம் வேலையும் குதிரை பார்ப்பதும் அவர் தலையிலேயே விழும். இன்னொருவர் பொறி, வெடிமருந்து, குதிரை எல்லாவற்றையும் கடனாகப் பெற்று, பருவ முடிவில் தோலைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க முயல்வார். மூன்றாமவரே தம் குதிரையும் தம் பொறிகளும் கொண்டு, விரும்பியவரிடம் விற்க உரிமையுள்ளவர். இவரையே ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ டிராப்பர்’ என்பர்.

இந்த மூன்றாமவரைக் ‘கட்டற்ற வேட்டையாளர்’ எனலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கட்டற்ற மென்பொருள் என்று நாம் பழகிவிட்டதால் அது காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் எந்தக் கட்டிலிருந்து அவர் விடுபட்டிருந்தார்? 1826இல் தோல் வணிகர் வில்லியம் ஆஷ்லி தம் தொழிலை ஜெடிடயா ஸ்மித், டேவிட் ஜாக்சன், வில்லியம் சப்லெட் ஆகியோரிடம் விற்றபோது, மலையில் ஒரு பவுண்டு பீவர் தோலுக்கு 3 டாலர் என்று உடன்படிக்கையில் எழுதினார்கள். செயின்ட் லூயிஸிலிருந்து சரக்கு கொண்டுவருபவர் வைத்ததே காப்பிக்கும் சர்க்கரைக்கும் ஈயத்துக்கும் விலை. தோலைத் தலையில் சுமந்துகொண்டு வேறு சந்தை தேடிப் போக மலைக்குள் வழியில்லை. ஆகவே அவரிடம் இருந்ததைச் சொல்லும் பெயரே பொருந்தும்: ‘கைமுதல் வேட்டையாளர்’. மற்ற இருவரும் ‘சம்பள வேட்டையாளர்’, ‘பற்று வேட்டையாளர்’. மூன்றும் நம் கணக்கேட்டுச் சொற்களாதலால் விளக்கக்குறிப்பு தேவைப்படாது.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. 1822இல் ஆஷ்லி, மிசௌரி ஆற்றின் தலைப்பகுதிவரை சென்று ஓரிரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பணிபுரிய நூறு இளைஞர்கள் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அவரும் அவருடைய கூட்டாளி ஆண்ட்ரூ ஹென்றியும் அந்த முயற்சியில் சேர்த்த வேட்டையாளர்களுக்கு ஆயுதமும் பொறியும் தந்து, பிடித்த தோலில் பாதியை அவர்களுக்கே விட்டார்கள். உழவில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வாரம். கிழமைக் கணக்கென்று மயங்காதிருக்க, ‘பாதிவார வேட்டையாளர்’ என்று எழுதலாம்.

இவை ஆளுக்குரிய பெயர்கள் அல்ல, ஒப்பந்தத்துக்குரியவை என்பதை வரையறையிலேயே குறிப்பிட வேண்டும். ஜெடிடயா ஸ்மித் 1822இல் ஆஷ்லியின் ஆளாகச் சேர்ந்தார், 1825இல் கூட்டாளியானார், 1826இல் தொழிலையே வாங்கியவர்களுள் ஒருவரானார். 1831இல் சாண்டா ஃபே பாதையில் கொல்லப்பட்டபோது அவர் சரக்கு வண்டிகளுடன் சென்ற வணிகர். ஒரே மனிதரை வெவ்வேறு தலைச்சொற்களின் கீழ் குறிப்பிட நேர்ந்தால் அது பிழையாகாது. தோலை நீட்டிக் கட்டிப் பதப்படுத்திய, வேட்டையாளர்களின் பூர்வகுடி மனைவியருக்கு இந்த ஒப்பந்தங்கள் எதிலும் இடமில்லை. அவர்களுக்குத் தனித் தலைச்சொல் வேண்டும் என்ற முன்மொழிவை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

‘ராண்டேவூ’ என்பதற்குச் ‘சந்திப்பு’ போதாது. 1825இல் கிரீன் ஆற்றின் கிளையான ஹென்றீஸ் ஃபோர்க்கில் தொடங்கி 1840வரை கோடைதோறும் கூடிய அது, தோலை ஒப்படைத்து அடுத்த ஆண்டுக்கான பொருளை வாங்கும் இடம். 1831இல் சரக்கு உரிய காலத்தில் வராததால் நடைபெறவில்லை. ‘மலைச்சந்தை’ என்றே நான் எழுதி வருகிறேன்.

கனடாப் பகுதியில் தோல் வணிகம் நடத்திய ஹட்சன் விரிகுடா நிறுவனத்தார் கணக்கு அலகாகக் கொண்ட ‘மேட் பீவர்’ இன்னும் பாக்கியிருக்கிறது. பதமான முழுத் தோல் ஒன்றின் மதிப்பையே அளவாக வைத்து, துப்பாக்கிக்கு இத்தனை, கம்பளிக்கு இத்தனை என்று விலை குறித்தார்கள். ‘தோல்மதிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. நாணயவியல் அறிந்த நண்பர்கள் இதில் கருத்துச் சொன்னால், பட்டியலை முடித்துப் பதிவேற்றிவிடலாம்.

அன்புடன்.